ஏழாம் மாதத்துப் பிள்ளைக்கும் இலை போடுங்கள்

"ஒரு வருசம் போகட்டும்."

புதுக்கோட்டை மாவட்டத்தில் கைப்பிள்ளை இருக்கும் எந்த வீட்டிலும் கறி, மீன், முட்டை என்று பேச்செடுத்தால் வரும் பதில் இதுதான். அப்பத்தா சொல்வார், அம்மாச்சி சொல்வார், எதிர்வீட்டுப் பெரியம்மா சொல்வார். படித்த தாய்மார்கள் கைப்பேசியில் பார்க்கும் காணொளிகள் பலவும் இதையே சொல்கின்றன. பழைய பாடத்தை மறக்காத சில மருத்துவர்களும் தலையாட்டிவிடுகிறார்கள். பல் முளைக்கவில்லை, செரிக்காது, மாந்தம் கட்டும், முட்டை சூடு, மீன் கொடுத்தால் பேச்சு வராது, கரப்பான் வரும் என்று காரணம் வீட்டுக்கு வீடு மாறும். தீர்ப்பு மட்டும் மாறாது.

இந்தத் தீர்ப்பு தவறு. பிள்ளையின் ரத்தத்திலும் மூளையிலும் போய் விடியும் தவறு. ஆறு மாதம் முடிந்து ஏழாம் மாதம் பிறந்ததும், அசைவம் சாப்பிடும் வீட்டுப் பிள்ளைக்கு நன்றாக வேகவைத்து மசித்த முட்டையும் கறியும் மீனும் கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட இணை உணவு வழிகாட்டி, ஆறு மாதம் முதல் இருபத்துமூன்று மாதம் வரையுள்ள பிள்ளைகள் இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைத் தினமும் சாப்பிட வேண்டும் என்கிறது. வாரம் ஒரு முறை என்றோ, வயது ஒன்று ஆகட்டும் என்றோ சொல்லவில்லை. கனடாவின் அரசும் குழந்தை மருத்துவர்களும் சேர்ந்து தந்த அறிவுரையில், தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்கும் முதல் உணவுகளின் வரிசையிலேயே இறைச்சி இருக்கிறது.

நம் ஊரில் என்ன நடக்கிறது? ஆடி பிறந்துவிட்டால் வடகாடு, கீரமங்கலம், ஆலங்குடி வட்டாரத்தில் மொய் விருந்துப் பந்தல்கள் எழுகின்றன. கிடாய் அறுத்து அண்டா அண்டாவாகக் கறி வேகிறது. பந்தியில் தாயின் மடியில் இருக்கும் ஒன்பது மாதப் பிள்ளை குழம்பு வாசத்துக்குக் கையை நீட்டுகிறது. அதன் கையில் ஒரு பிஸ்கட்டைத் திணிக்கிறோம். குலதெய்வக் கோயிலில் காதுகுத்து என்றால் இன்னும் வேதனை. பிள்ளையின் பெயரால் கிடாய் வெட்டி, தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, மொட்டையடித்துக் காது குத்துகிறோம். ஒட்டும் உறவும் வயிறாரக் கறிச்சோறு உண்கின்றன. யாருக்காக விருந்து வைத்தோமோ அந்தப் பிள்ளைக்கு ரசம் விட்டுக் குழைத்த வெறுஞ்சோறு.

கறியும் மீனும் ரத்தம் ஊறவைக்கும் என்பது இந்த மண்ணுக்குத் தெரியாத செய்தி அல்ல. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு செய்து தருகிறவர்கள் நாம். பச்சை உடம்புக்காரிக்கு நாட்டுக்கோழியைத் தட்டிப்போட்டுச் சாறு வைக்கிறோம். கர்ப்பிணிக்கு ரத்தம் குறைவு என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவிட்டால், கறிக்கடைக்காரரிடம் முதல் நாளே சொல்லிவைத்துச் சுவரொட்டி வாங்கி வருகிறார் மாமியார். பெரியவளான பெண்ணுக்குத் தினம் முட்டை. தாய்க்கும் மகளுக்கும் பொருந்தும் இந்த அறிவு தொட்டில் பக்கத்தில் வந்ததும் நின்றுவிடுகிறது. ரத்தம் மிக வேகமாக ஊற வேண்டிய வயது தொட்டில் வயதுதான்.

அதன் கணக்கைப் பார்ப்போம். நிறைமாதத்தில் பிறக்கும் பிள்ளை தாயின் வயிற்றிலேயே இரும்புச் சத்தைச் சேமித்துக்கொண்டு வருகிறது. அந்தச் சேமிப்பு ஏறத்தாழ ஆறு மாதம் தாங்கும். எடை குறைந்து பிறந்த பிள்ளைக்கும், தாய்க்கே ரத்தச்சோகை இருந்த பிள்ளைக்கும் அதற்கு முன்பே தீர்ந்துபோகும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு, ஒரு லிட்டரில் அரை மில்லிகிராம்கூட இருக்காது. இது தாய்ப்பாலின் குறை ஆகாது. முதல் ஆறு மாதத்துக்கு அதைவிட மேலான உணவு உலகில் இல்லை, இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் அது தொடர வேண்டும். ஆனால் ஆறு மாதத்துக்குப் பிறகு இரும்பை வேறு வழியில் கொண்டுவரச் சொல்லி உடம்பு காத்திருக்கிறது. ஒன்பதாம் மாதம் முதல் பதினொன்றாம் மாதம் வரை பிள்ளைக்குத் தேவைப்படும் இரும்பில் சுமார் 97 விழுக்காடும், துத்தநாகத்தில் சுமார் 86 விழுக்காடும் தாய்ப்பாலுக்கு வெளியே இருந்துதான் வந்தாக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பழைய கணக்கு.

அந்த 97 விழுக்காட்டைக் குழைந்த சாதம் தருமா? ரசம் தருமா? பாலில் ஊறிய பிஸ்கட் தருமா? கேழ்வரகுப் பால் நல்ல உணவுதான், சுண்ணாம்புச் சத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் தானியத்தில் உள்ள இரும்பை உடம்பு லேசில் எடுத்துக்கொள்வதில்லை. தானியத்தில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டிப்போட்டு வெளியே தள்ளிவிடுகிறது. கறியிலும் ஈரலிலும் மீனிலும் ரத்தத்தோடு சேர்ந்த வடிவில் இருக்கும் இரும்பைக் குடல் பல மடங்கு எளிதாக வாங்கிக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. சோற்றோடு சிறிது கறி சேர்ந்தால், சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பையும் அது கூடுதலாக உள்ளே இழுத்துவருகிறது. ஒரு கரண்டி மசித்த கறி தன் பங்கோடு அடுத்ததன் பங்கையும் கொண்டுவந்து சேர்க்கிறது.

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு ரத்தச்சோகை இருந்தது. அதற்கு முந்தைய ஆய்வில் இது 50.7 விழுக்காடு. மருத்துவமனைப் பிரசவத்திலும் தடுப்பூசியிலும் நாட்டுக்கே வழிகாட்டும் மாநிலத்தில், பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் ரத்தம் குறைந்து வளர்கிறார்கள். குடற்புழு, நோய்த்தொற்று, தாயின் ரத்தச்சோகை என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் உணவின் தலையில் கட்ட முடியாது. ஆனால் வீட்டு அடுப்படியில் நாமே திருத்தக்கூடிய காரணம் உணவுதான். கோஸ்டாரிக்காவில் பெட்ஸி லோசாஃப் என்ற ஆய்வாளர், கைக்குழந்தையாக இருந்தபோது கடுமையான, நாள்பட்ட இரும்புக் குறைவுக்கு ஆளானவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். பிற்பாடு ரத்தம் சரியாகியும், பள்ளி வயதிலும் அதற்குப் பின்னும் அறிவுத்திறன் சோதனைகளில் அவர்கள் பின்தங்கியே இருந்தார்கள். "ஒரு வருசம் போகட்டும்" என்கிற அந்த ஒரு வருசம், மூளை மிக வேகமாக வளரும் வருசம். அதைப் பிறகு திருப்பிக் கேட்க முடியாது.

செரிக்காது என்கிறார்கள். மறுப்புகளில் மிகப் பழையதும் எல்லோரும் நம்புவதும் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். பிறந்த நாளிலிருந்து பிள்ளை குடிக்கும் தாய்ப்பால் எதனால் ஆனது? ஓர் உயிரின் உடம்பில் சுரந்த புரதத்தாலும் கொழுப்பாலும்தான். தாய்ப்பால் தரும் சக்தியில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்து வருகிறது. அந்தப் புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கும் சுரப்புகள் பிள்ளைக்கு இருப்பதால்தான் ஐந்தே மாதத்தில் அதன் எடை இரண்டு மடங்காகிறது. மாறாக, மாவுச்சத்தைச் செரிக்கக் கணையத்திலிருந்து வர வேண்டிய சுரப்புதான் முதல் மாதங்களில் குறைவாக இருந்து மெல்ல மெல்லக் கூடுகிறது. ஏழாம் மாதத்துப் பிள்ளை சோற்றையும் செரிக்கும், கறியையும் செரிக்கும். சோறு இளசு, கறி முரடு என்ற பாகுபாடு நம் மனசில் இருக்கிறதே தவிர, பிள்ளையின் வயிற்றில் இல்லை. அமெரிக்காவின் டென்வர் நகரில் நான்சி கிரெப்ஸ் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு முதல் திட உணவாக அரைத்த மாட்டிறைச்சியையும், மற்றவர்களுக்கு இரும்பு சேர்த்த தானியக் கூழையும் கொடுத்தார்கள். பிள்ளைகள் இரண்டையும் ஒன்றுபோலவே ஏற்றுக்கொண்டார்கள். கறி தின்ற பிள்ளைகளுக்குத் துத்தநாகம் பல மடங்கு கூடுதலாகக் கிடைத்தது.

பல் இல்லை என்பதற்கு அம்மிக்கல்லே பதில். மிக்ஸியும் பதில். இட்லியையும் பிள்ளை பல்லால் கடித்துத் தின்பதில்லை. மசித்துத்தானே ஊட்டுகிறோம்?

அப்பத்தாமார்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கறி கொடுத்த மறுநாள் பிள்ளைக்கு வயிற்றால் போனதை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அன்றைய கறி எப்படிப்பட்டது? மாதத்துக்கு ஒரு முறை எடுத்த முற்றிய ஆட்டுக்கறி. மிளகாய் அரைத்துவிட்ட குழம்பு. மதியம் வைத்ததை இரவில் எடுத்து, சோப்பைக் காணாத கையால் பிசைந்து ஊட்டியது. ஆறிலிருந்து ஒன்பது மாதத்தில்தான் பிள்ளை தவழ்ந்து கண்டதையும் வாயில் வைக்கும், அந்த மாதங்களில் வயிற்றுப்போக்கு எந்தப் பிள்ளைக்கும் கூடும். பழி கறியின்மேல் விழுந்தது. குற்றவாளி கையும் தண்ணீரும் நேரம் கடந்த குழம்பும். அதே பிள்ளைக்கு அன்றைக்குக் கொடுத்த பாலையோ கூழையோ யாரும் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் அவை தினமும் கொடுப்பவை.

கரப்பான் பேச்சிலும் ஒரு சிறு உண்மை உண்டு. முட்டையோ மீனோ நிலக்கடலையோ சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. தோல் தடிக்கும், உதடு வீங்கும், வாந்தி வரும், அரிதாக மூச்சுத் திணறும். இதைக் கவனித்தவர்கள் எல்லாப் பிள்ளைகளுக்குமாகத் தடை போட்டார்கள். மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் இதே தவறைச் செய்தது. ஒவ்வாமை வரும் வாய்ப்புள்ள பிள்ளைகளுக்கு முட்டையை இரண்டு வயது வரையும், மீனையும் நிலக்கடலையையும் மூன்று வயது வரையும் தள்ளிப்போடச் சொல்லி அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2000இல் அறிவுரை தந்தது. அதற்கு ஆதாரம் இல்லை என்று 2008இல் அதுவே விலக்கிக்கொண்டது. 2015இல் லண்டனிலிருந்து வந்த ஆய்வு முடிவு கதையையே புரட்டிப்போட்டது. ஒவ்வாமை வரும் ஆபத்து மிகுந்த 640 பிள்ளைகளில் ஒரு பாதியினருக்குப் பதினொரு மாதத்துக்கு முன்பே நிலக்கடலை கலந்த உணவைத் தொடங்கினார்கள், மறுபாதியினரைத் தவிர்க்கச் சொன்னார்கள். ஐந்து வயதில் பார்த்தபோது, தின்றவர்களிடையே நிலக்கடலை ஒவ்வாமை சுமார் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. தள்ளிப்போட்டதுதான் தீங்காக முடிந்திருக்கிறது. இன்றைக்கும் முட்டை வெள்ளைக்கருவை ஒரு வயதுக்கு மேல் கொடு என்று சொல்லும் மருத்துவர், தன் படிப்புக்குப் பிறகு மாறிய பாடத்தைச் சொல்லவில்லை என்றே பொருள். கடுமையான தோல் அழற்சி இருக்கும் பிள்ளைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு நேரத்தில் ஒரு புதிய உணவு, முதலில் கால் கரண்டி, காலை நேரத்தில். அது போதும்.

மீன் தின்றால் பேச்சு வராது என்ற நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் கிடையாது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி, கட்டுமாவடி என்று கடற்கரை நெடுக மீன்சோற்றில் வளர்ந்த தலைமுறைகள் வாயடைத்தா இருக்கின்றன? மூளையும் கண்ணும் வளரத் தேவையான கொழுப்பு மீனில்தான் தாராளமாக இருக்கிறது. கடல் இல்லாத பக்கத்தில் கண்மாய் இருக்கிறது. கோடையில் நீர் வற்றும்போது பொன்னமராவதி, இலுப்பூர், அன்னவாசல் பக்கத்து ஊர்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக மக்கள் இறங்கி அள்ளிவரும் விராலும் கெண்டையும் அன்று வீட்டுக்கு வீடு கொதிக்கும். விரால் முள் குறைந்த மீன். ஆவியில் வேகவைத்து, விரலால் தடவித் தடவி முள் எடுத்துச் சோற்றோடு பிசைந்தால் எட்டு மாதப் பிள்ளை சப்புக்கொட்டித் தின்னும். பெரிய சுறாவைப் பிள்ளைக்குத் தவிர்க்க வேண்டும், பெருமீன்களின் உடம்பில் பாதரசம் சேர்ந்திருக்கும். சிறுமீன் நல்லது, விலையும் குறைவு.

இனி, பாதி வழி வந்தவர்களிடம் ஒரு வார்த்தை. "கறி கொடுக்கல, சூப்பு வச்சுக் குடுக்கிறேன்" என்று பல தாய்மார்கள் நிறைவோடு சொல்கிறார்கள். ஆட்டுக்கால் சூப்பு, கோழிச் சாறு, நண்டு ரசம். அடுப்பில் மணிக்கணக்காகக் கொதிக்கவைத்து, வடிகட்டி, தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுச் சக்கையை அப்பாவுக்குப் போடுகிறோம். இந்த ஏற்பாட்டில் சத்து முழுக்க அப்பாவுக்குப் போகிறது. சூப்பில் இறங்குவது உப்பும் மணமும் கொஞ்சம் பசைப்பொருளும்தான். இரும்பும் துத்தநாகமும் புரதத்தின் பெரும்பகுதியும் சதையிலேயே தங்கிவிடுகின்றன. பருப்பிலும் இதே கதை: வெந்த பருப்பின் மேல் நிற்கும் தெளிந்த தண்ணீரை இறுத்துப் "பருப்புத் தண்ணி" என்று ஊட்டுகிறோம், பருப்பு குழம்புக்குப் போகிறது. எட்டுக் கிலோ பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்குச் சுமார் கால் லிட்டர்தான் கொள்ளும். அந்தச் சிறிய இடத்தைத் தண்ணீரால் நிரப்புவது பிள்ளைக்குச் செய்யும் அநீதி. பசி அடங்கிவிடும், அழுகை நின்றுவிடும், உடம்புக்கு எதுவும் சேராது. நாம் ஊட்டியாயிற்று என்று நினைத்துக்கொள்வோம். கரண்டியைக் கவிழ்த்தால் வழிந்தோடாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும் பிள்ளையின் உணவு.

பருப்பிலேயே புரதம் இருக்கிறதே, எதற்குக் கறி என்று கேட்பவர்கள் உண்டு. பருப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆலங்குடிக்குப் பக்கத்தில் வம்பனில் தேசிய பயறு ஆராய்ச்சி மையம் இருக்கும் மாவட்டம் இது. வம்பன் பெயர் தாங்கிய உளுந்து ரகங்கள் மாநில எல்லையைத் தாண்டியும் விளைகின்றன. பிள்ளைக்குத் தினமும் பருப்பு வேண்டும், கறம்பக்குடிப் பக்கத்தில் விளையும் நிலக்கடலையும் நைசாகப் பொடித்தோ அரைத்தோ வேண்டும். முழுக் கடலையாக மட்டும் கூடவே கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கும். ஆனால் புரதத்தின் எடையை மட்டும் வைத்து இந்த வழக்கை முடிக்க முடியாது. ஏழு முதல் பன்னிரண்டு மாதப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய புரதம் பத்துக் கிராமை ஒட்டித்தான். தாய்ப்பால் அதில் பாதிக்கு மேல் தந்துவிடும், ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம் இருக்கிறது. ஆகவே புரதப் பொடி டப்பாக்களைத் தேடி ஓடவும் தேவையில்லை, கறியைக் குவிக்கவும் தேவையில்லை. கறியும் முட்டையும் மீனும் புரதத்தோடு சேர்த்துத் தரும் இரும்பு, துத்தநாகம், கோலின், பி12 ஆகியவைதான் கேள்வி. பி12 இயற்கையாகப் பருப்பில் கிடையவே கிடையாது.

முட்டையைப் பற்றி நடந்த இரண்டு ஆய்வுகளை இங்கே சொல்ல வேண்டும். ஈக்வடார் நாட்டில் ஆறு முதல் ஒன்பது மாதப் பிள்ளைகளுக்கு ஆறு மாத காலம் தினம் ஒரு முட்டை கொடுத்தார்கள். 2017இல் வெளியான முடிவில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளின் விகிதம் முட்டை தின்றவர்களிடையே 47 விழுக்காடு குறைந்திருந்தது. பின்னர் மலாவியில் அதேபோல் செய்த ஆய்வில் உயரத்தில் வித்தியாசம் வரவில்லை. மலாவிப் பிள்ளைகள் ஏற்கெனவே ஏரி மீனைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். முட்டை மந்திரம் இல்லை. வேறு எதுவும் கிடைக்காத இலையில் அது பெரிய வித்தியாசத்தைச் செய்கிறது. நம் பிள்ளைகளின் இலை எது போன்றது என்பதை ஒவ்வொரு வீடும் நேர்மையாகப் பார்த்துக்கொள்ளலாம்.

பிராய்லர் கோழிக்கு ஊசி போடுகிறார்கள், பெண்பிள்ளை சீக்கிரம் வயசுக்கு வந்துவிடும் என்ற பயம் இப்போது கிராமம் வரை வந்திருக்கிறது. பிராய்லர் கோழி வேகமாக வளர்வதற்குக் காரணம் பல பத்தாண்டுத் தேர்வு இனப்பெருக்கமும் தீவனமும். ஆயிரக்கணக்கான கோழிகளைப் பிடித்துத் தினம் ஹார்மோன் ஊசி போடுவது எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாத வேலை. ஆனால் கோழிப் பண்ணைகளில் ஆன்டிபயாடிக் மருந்துகளை அளவின்றிக் கொடுத்தது உண்மையான கவலை. அதனால்தான் கால்நடைத் தீவனத்தில் கொலிஸ்டின் மருந்தை 2019இல் இந்திய அரசு தடை செய்தது. அந்தக் கண்காணிப்பு இறுக வேண்டும் என்று கேட்போம், உரக்கவே கேட்போம். அந்தக் கவலைக்காகப் பிள்ளையைப் பட்டினி போட வேண்டியதில்லை. வீட்டுக் கொல்லையில் மேயும் கோழி இட்ட முட்டை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி இருக்கிறது, கண்மாய் மீன் இருக்கிறது.

"நாங்கள்லாம் அப்படித்தானே வளந்தோம்?" வளர்ந்தவர்கள் சொல்கிறார்கள். வளராமல் போனவர்கள் சொல்ல வர முடியாது. தமிழ்நாட்டில் 1971இல் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை ஒரு வயதைக் காணவில்லை. 2020இல் அது 13. இந்த மாற்றம் பழைய வழக்கத்தைக் காப்பாற்றியதால் வரவில்லை. பிரசவத்தில், தடுப்பூசியில், குடிநீரில், தாய்ப்பாலில் பழைய வழக்கங்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டதால் வந்தது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிய வீடுகள் இன்று பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கின்றன. அந்தப் பாட்டிமார்களே மனம் மாறினார்கள். கறியிலும் மாறுவார்கள், யாராவது அக்கறையோடு எடுத்துச் சொன்னால்.

முட்டைக்கு மறுப்புச் சொல்லும் அதே வீட்டில், பிறந்த அன்றே சேனை வைக்கிறேன் என்று பிள்ளையின் நாக்கில் தேன் தடவுகிறார்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கலாம். தெருவில் ஓட்டிவரும் கழுதையின் காய்ச்சாத பாலைச் சங்கடையில் வாங்கிப் புகட்டுகிறார்கள். வசம்பும் ஜாதிக்காயும் இழைத்து உரை மருந்து ஊற்றுகிறார்கள். உண்மையில் ஆபத்தானவற்றுக்குக் கதவு திறந்திருக்கிறது, வெந்த முட்டைக்குச் சாத்தியிருக்கிறது.

அரசின் பங்கையும் பேச வேண்டும். 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் நடந்த ஆறு மாவட்டங்களில் புதுக்கோட்டையும் ஒன்று. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைக்குச் சத்து உருண்டை கொடுத்த திட்டம் அது. இரண்டு வயதுக்குள்தான் எல்லாம் தீர்மானமாகிறது என்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே புரிந்துகொண்ட மாநிலம் நாம். சத்துணவில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வந்த முட்டையை 2010இல் பள்ளி நாள்தோறும் ஒன்றாக உயர்த்தியதும் நாம்தான். ஆனால் அங்கன்வாடியில் ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு வாரந்தோறும் முட்டை, ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை தானியமும் பருப்பும் வெல்லமும் கலந்த சத்துமாவு மட்டும் என்று வைத்திருக்கிறோம். தேவை மிகுந்த வயதில் முட்டையே இல்லை. அரசும் தன்னை அறியாமல் அப்பத்தாவின் தீர்ப்பையே எழுதிவைத்திருக்கிறது. ஊட்டச்சத்து விளக்கப் படங்களிலும் துண்டுத் தாள்களிலும் காரட், கீரை, பருப்பு, வாழைப்பழம் நிறைந்திருக்கின்றன. 2014இல் எடுத்த மாதிரிப் பதிவு ஆய்வின்படி தமிழ்நாட்டில் 97 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் அசைவம் உண்பவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கான உணவுப் பட்டியலில் மிச்சமுள்ள மூன்று பேரின் சமையலறையை மட்டும் காட்டுவது என்ன நியாயம்?

சைவ வீட்டாரிடம் எனக்கு வழக்கு இல்லை. அவர்கள் கெட்டியான பருப்பு, தயிர், நெய், பொடித்த கடலை, எள் என்று தினமும் கொடுத்து, இரும்பும் பி12உம் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும். முட்டை மட்டுமாவது சேர்க்க முடிந்தால் நல்லது. கிராம சுகாதாரச் செவிலியர் வாரம் இரு முறை கொடுக்கச் சொல்லித் தரும் இரும்புச் சத்துச் சிரப்பை எந்த வீட்டிலும் நிறுத்தக் கூடாது. கறி கொடுக்கிறோமே, மருந்து எதற்கு என்று புட்டியை அலமாரியில் தூக்கிவைப்பதும் தவறுதான்.

1991இல் அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்தில் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பொம்பளைக்கு எதற்குச் சைக்கிள் என்று அன்று ஊரே சொன்னது. கல் குவாரித் தொழிலாளியும் வயல்வேலைக்காரியும் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பெடலை மிதித்தார்கள். அன்று சைக்கிள் மிதித்த அந்தப் பெண்கள்தான் இன்றைய அப்பத்தாக்கள், அம்மாச்சிகள்.

அவர்களிடமும் அவர்கள் மருமகள்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். ஆறு மாதம் முடிந்ததும் ஒரு முட்டையை நன்றாக, கரு இறுகும்வரை வேகவைத்து, மஞ்சளும் வெள்ளையும் சேர்த்து மசித்துத் தாய்ப்பாலில் குழைத்துக் கால் கரண்டியில் தொடங்குங்கள். அடுத்த வாரம் எலும்பில்லாத கோழிக்கறி அல்லது இளங்கறியைக் குக்கரில் குழைய வேகவைத்து, மிளகாயும் உப்பும் போடாமல் அரைத்துச் சோற்றில் கலந்து ஊட்டுங்கள். வாரத்தில் ஒரு நாள் ஒரு சிறு கரண்டி ஈரல் போதும், அதற்கு மேல் வேண்டாம், அதில் வைட்டமின் ஏ மிகுதி. சமைத்ததை உடனே ஊட்டுங்கள், ஊட்டும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மாவட்ட நிர்வாகத்திடமும் சமூகநலத் துறையிடமும் கேட்பது ஒன்றுதான்: ஏழாம் மாதத்துப் பிள்ளையின் பெயரை அங்கன்வாடி முட்டைப் பதிவேட்டில் எழுதுங்கள், தினம் ஒன்று கொடுங்கள்.